முதல் கோணல் மட்டும்

முதல் கோணல் முற்றும் கோணல் என்று சொல்லிவைத்துவிட்டுப் போன பெரியவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. அவர்கள் காலத்தில் டேட்டாபேஸ் இல்லை. இருந்திருந்தால் முதலில் மட்டும் கோணல், அப்புறம் எல்லாம் நேர் என்று அவர்களே அந்தப் பழமொழியைத் திருத்தியிருப்பார்கள். நான் கணக்கு பார்க்கப் போகும் மருந்து மொத்தக்கடையில் பல வருடங்களாக ஒரு பில்லிங் மென்பொருள் இதைத் தினமும் காலையில் நிரூபித்துவருகிறது. அதன் பெயரையோ அதைச் செய்தவர்களின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அடக்கமானவர்களைப் பெயர் சொல்லிப் புகழக் கூடாது. கூச்சப்படுவார்கள்.

பில் போடும் அக்கா ஒன்பது மணிக்கு வருவார். மென்பொருளின் ஐகானில் இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்துவிடுவார். பிள்ளையார் படத்தில் பழைய பூவை எடுத்துப் புதுப்பூ வைப்பார். ஊதுபத்தி ஏற்றுவார். கல்லாவைத் துடைப்பார். தண்ணீர் கேனை இன்னும் தூக்கி வைக்காத பையனை ஒரு அதட்டு அதட்டுவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். தட்டியதிலிருந்து முதல் பில்லில் முதல் மருந்தின் பெயர் வந்து விழும்வரை 1 நிமிடம் 50 விநாடி. இரண்டாவது பில்லுக்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் மருந்து வந்துவிட்டது. ஊழியருக்குப் பக்தியையும் சுத்தத்தையும் ஒரே நேரத்தில் பழக்கும் மென்பொருள் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்பார்கள். நாங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினோம்.

இதைக் குறை என்று நினைத்துக்கொண்டு அக்கா ஒருமுறை மென்பொருள்காரர்களுக்கு போன் போட்டார். விவரம் தெரியாத காலம் அது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, காலையில ஓப்பன் ஆகவே ரெண்டு நிமிஷம் ஆகுது. ஆளுங்க நின்னுக்கிட்டு இருக்காங்க."

"இப்ப ஒரு தடவை க்ளோஸ் பண்ணிட்டு ஓப்பன் பண்ணுங்க மேடம்."

பண்ணினார். "இப்ப சீக்கிரமா வந்துடுச்சே தம்பி."

"அப்ப சரியாயிடுச்சு மேடம். வேற ஏதாவது?"

எத்தனை டாக்டருக்கு இந்தக் கைராசி உண்டு? ஊசி இல்லை, மாத்திரை இல்லை, நோயாளியை ஒருமுறை எழுந்து உட்காரச் சொல்லியே குணப்படுத்திவிட்டார். மறுநாள் காலை நோய் திரும்பி வந்தால் என்ன, மறுநாளும் எழுந்து உட்கார்ந்தால் போயிற்று. அன்றிலிருந்து நான் அந்த மென்பொருளின் ரசிகன். ரசிகன் என்றால் சும்மா கை தட்டினால் போதாது, காரணம் தெரிந்து தட்ட வேண்டும் என்று அந்த 1 நிமிடம் 50 விநாடிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

டேட்டாபேஸ் தன் சொத்தையெல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்து ஹார்டு டிஸ்கில் எழுதிவைத்திருக்கிறது. போஸ்ட்கிரஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லில் வழக்கமாக 16. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர் எல்லாம் இந்தப் பக்கங்களுக்குள்தான். கேட்ட பக்கம் ஏற்கெனவே மெமரியில் இருந்தால் அப்படியே எடுத்து நீட்டிவிடும். இல்லாவிட்டால் டிஸ்குக்குப் போய்த் தேடிக் கொண்டுவர வேண்டும். காலையில் மெமரி துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி காலியாக இருக்கும். ஆகவே எது கேட்டாலும் டிஸ்க்தான்.

டிஸ்கின் நிதானம் தனி அழகு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். வேண்டிய இடம் சுற்றி வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. படிக்கும் முனை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லிவிநாடி. மொத்தத்தில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 80 பக்கம் தேறும். மெமரியிலிருந்து எடுப்பதென்றால் ஒரு விநாடியைக் கோடி பங்கு போட்டு அதில் ஒரு பங்கு போதும்.

இந்த நிதானம் நேற்று வந்ததில்லை, பரம்பரைச் சொத்து. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுற்றின. 50 லட்சம் எழுத்துகள் அதில் அடங்கும். ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லிவிநாடி. அன்றிலிருந்து டிஸ்கின் வயிறு லட்சக்கணக்கான மடங்கு பெருத்துவிட்டது. தேடும் கை ஏறக்குறைய ஐம்பது மடங்குதான் வேகமாயிற்று. சாப்பாட்டில் காட்டிய முன்னேற்றத்தை வேலையிலும் காட்டிப் பிறரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற பண்பு வேறு யாருக்கு வரும்?

விநாடிக்கு 80 என்றால் 1 நிமிடம் 50 விநாடிக்கு 8,800 பக்கம். அக்கா கேட்டது ஒரு பெட்டி பாரசிட்டமால். அதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் பக்கங்கள் என்று கேட்பவர்களுக்கு விருந்தோம்பல் தெரியாது. எங்கள் மென்பொருள் திறந்தவுடனே கடையில் உள்ள எல்லா மருந்தையும், ஊரில் உள்ள எல்லாக் கடைக்காரரையும், அவரவர் பாக்கியையும், கடையை ஆரம்பித்த வருடத்திலிருந்து வாங்கிய எல்லாச் சரக்கையும் ஒருமுறை அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்கும். பத்து வருடமாகப் பக்கமே வராத, கடையை மூடிவிட்டுப் போன வாடிக்கையாளரைக்கூட அது மறக்கவில்லை. நாமெல்லாம் சொந்தக்காரர்களையே மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 8,800 பக்கம் என்றால் மொத்தம் 70 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதே டிஸ்கிடம் அதை வரிசையாகப் படி என்று சொன்னால் ஒரு விநாடிக்குள் படித்துக் கொடுத்துவிடும், ஏனென்றால் தாவல் இல்லை, காத்திருப்பு இல்லை. எங்கள் மென்பொருளுக்கு அந்த அவசரம் கிடையாது. மளிகைக் கடைக்குப் போய் உப்பை வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டு, மறுபடி போய்ப் புளி வாங்கி வந்து வைத்துவிட்டு, மறுபடி மிளகாய்க்குக் கிளம்பும். கையில் சீட்டு எழுதிக்கொண்டு போகிற பழக்கம் இல்லாதவர்கள் நடையினால் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

சரி, ஒருமுறை இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை மெமரியில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? இதற்கு 1987-இல் ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்சோலுவும் ஒரு கணக்குப் போட்டார்கள். அன்றைய மெமரி விலையையும் டிஸ்க் விலையையும் வைத்துப் பார்த்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தேவைப்படும் பக்கத்தை மெமரியிலேயே வைத்துக்கொள்வதுதான் லாபம் என்று கண்டார்கள். ஐந்து நிமிட விதி என்றே அதற்குப் பெயர். லாப நட்டம் பார்க்கும் உலகத்தவர் விதி அது. பற்றற்றவர்களுக்கு அது பொருந்தாது. எங்கள் கடையில் மதியம் எல்லோரும் மென்பொருளை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், மூன்று மணிக்கு மறுபடி காலை ஒன்பது மணி. காலையில் சேர்த்த சொத்து அத்தனையையும் துறந்துவிட்டு, நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி அது நம்மைப் பார்க்கும்.

இப்படிப்பட்ட துறவுக்கு உலகத்தில் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஆட்டோ க்ளோஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கடைசி ஆள் வெளியே போனதும் டேட்டாபேஸ் தன்னைத்தானே மூடிக்கொள்ளும், மெமரியில் வைத்திருந்ததையும் விட்டுவிடும். அடுத்தவர் வந்து கதவைத் தட்டினால் முதலிலிருந்து திறக்கும். எக்ஸ்பிரஸில் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்கு இது கேட்காமலே போட்டு வரும். அதைச் செய்த மைக்ரோசாஃப்டின் நல்லமுறைக் குறிப்புகளோ இதை அணைத்துவையுங்கள் என்கின்றன. தானே மூட்டிவிட்டுத் தானே அணைக்கச் சொல்லும் பெருந்தன்மைக்குப் பாராட்டு எழுத எனக்குச் சொல் பற்றாது. அதே எக்ஸ்பிரஸ் யாரும் எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் போனால் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணயரும். பிறகு யாராவது எழுப்பினால், இத்தனை விநாடி சும்மா இருந்தபின் வேலையைத் தொடர்கிறேன் என்று பதிவேட்டில் குறித்துவைக்கும். வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று விநாடிக் கணக்கோடு தன் கைப்பட எழுதிவைக்கும் ஊழியரை நான் மனிதர்களில் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது டிஸ்கின் பெருமை. மென்பொருளை எழுதியவர்களின் பெருமை தனி. நம் பழைய நூல்களுக்குப் பாயிரம் இருப்பதைப்போல, இவர்கள் நிரலுக்கும் பாயிரம் வைக்கிறார்கள். டாட்நெட்டிலோ ஜாவாவிலோ எழுதிய நிரல் நம்மிடம் வரும்போது முழுசாக அரைத்த மாவாக வருவதில்லை. பாதி அரைத்த பதத்தில் வரும். ஒரு வேலையை முதன்முறை செய்யச் சொன்னால் அப்போதுதான் அந்தத் துண்டை எடுத்து இயந்திர மொழிக்கு அரைக்கும். அரைத்தது நிரல் மூடும்வரை இருக்கும், மறுபடி திறந்தால் மறுபடி ஆட்டுக்கல். முன்கூட்டியே அரைத்து டப்பாவில் அடைத்து அனுப்ப என்ஜென் என்ற கருவி டாட்நெட்டோடு 2002-ஆம் ஆண்டு முதலே வந்துகொண்டிருக்கிறது. எங்கள் மென்பொருள்காரர்கள் அப்படிப்பட்ட பழைய மாவை வாடிக்கையாளர் தலையில் கட்டாதவர்கள். வந்தவர் கண்ணெதிரே ஊறவைத்து, கண்ணெதிரே அரைப்பார்கள்.

பாயிரம் அத்தோடு முடியவில்லை. நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே என்டிட்டி ஃபிரேம்வொர்க் போன்ற ஓர் இடையாள் இருந்தால், முதல் கேள்வி வந்ததும் அவர் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். எந்த அட்டவணை எதற்குச் சொந்தம், யார் யாருக்கு என்ன உறவு என்று மொத்த வம்சாவளியையும் ஒருமுறை மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொள்வார். இருநூறு அட்டவணை இருந்தால் இருநூறும். கேட்டது ஒன்றே ஒன்று என்று நாம் சொன்னால் கல்யாணத் தரகரிடம் பெண்ணின் உயரத்தை மட்டும் கேட்ட கதையாகிவிடும்.

பிறகு சர்வரின் பெயரை விசாரித்து முகவரி கண்டுபிடிப்பது, கை குலுக்குவது, பெயர் சொல்லிக் கடவுச்சொல் காட்டி உள்ளே போவது. ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் ஓரமாக வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் டாட்நெட்டில் சும்மா கிடக்கும் இணைப்பு நாலிலிருந்து எட்டு நிமிடத்துக்குள் குப்பைக்குப் போய்விடும். ஆன்டிவைரஸும் தன் பங்குக்கு முதன்முறை திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் முகர்ந்து பார்த்து அனுப்பும்.

இதெல்லாம் முடிந்து கேள்வி ஒருவழியாக டேட்டாபேஸின் காதுக்குப் போனால், அது உடனே ஓடிப்போய்த் தேடாது. யோசிக்கும். எட்டு அட்டவணைகளைச் சேர்த்து ஒரு பதில் சொல்ல வேண்டுமென்றால் எதை முதலில் எடுத்து எதை அடுத்து சேர்ப்பது என்பதற்கு மட்டும் 40,320 வரிசைகள் உண்டு. இவற்றில் செலவு குறைந்த வழியை அத்தனையையும் நடந்து பார்க்காமலே கண்டுபிடிக்க, ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் பெட்ரிஷியா செலிங்கரும் கூட்டாளிகளும் 1979-இல் ஒரு முறையை எழுதினார்கள். இன்றும் பெரிய டேட்டாபேஸ்கள் பலவும் அந்த வழியில்தான் யோசிக்கின்றன. யோசித்து முடித்த திட்டத்தை மெமரியில் எழுதிவைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ்களும் உண்டு. அதே கேள்வி மறுபடி வந்தால் யோசனை மிச்சம். மெமரியைத் துடைத்தால் திட்டமும் போயிற்று. நேற்று ஆயிரம் தடவை கேட்ட அதே கேள்வியை இன்று காலை புத்தம்புதிதாகக் கேட்பதுபோல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசிக்கும் அந்த மரியாதை, நம் சொந்தப் பிள்ளைகளிடம் கிடைக்குமா?

நடுவில் ஒன்றே ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மற்றப் பாராட்டுகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் முதலாளி இரவு கடையைப் பூட்டும்போது சில நாள் கணினியை மூடச் சொல்லக்கூடப் பொறுமையில்லாமல் மெயினை அணைத்துவிடுவார். பாதியில் போன கரண்டில் பாதியில் நின்ற பில்கள் என்ன ஆகும்? மாற்றம் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்பே டேட்டாபேஸ் ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கும். மறுநாள் திறக்கும்போது அந்தக் குறிப்பைப் படித்து, எங்கே நின்றது என்று ஆராய்ந்து, விட்டுப்போனதை மறுபடி செய்து, முடியாமல் தொங்கியதை அழித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். இந்த மூன்று நடைக்கு ஏரிஸ் என்று பெயர். சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்துக்குப் போன சி. மோகனும் உடன் உழைத்தவர்களும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை அது. உலகத்து டேட்டாபேஸ்கள் எத்தனையோ இன்று விழுந்து எழுவது அந்த வழியில்தான். அதற்கு ஆகும் சில விநாடிகளை நான் எந்த நாளும் எண்ணமாட்டேன். கரண்டு போன மறுநாள் பாக்கிக் கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் இருப்பதைப் பார்த்தவன் நான்.

இனி பாராட்டுக்குத் திரும்பலாம். இந்த மென்பொருளை முதன்முதலில் எங்கள் கடைக்கு விற்க வந்தபோது ஒரு டெமோ காட்டினார்கள். விற்க வந்தவர் தன் மடிக்கணினியைத் திறந்து, எங்கள் எதிரிலேயே தட்டி, எங்கள் எதிரிலேயே பில் போட்டார். காற்றாகப் பறந்தது. உள்ளே பதினைந்து மருந்து இருந்தது, நாலு வாடிக்கையாளர் இருந்தார்கள், ஒருவர் பெயர் டெஸ்ட், இன்னொருவர் பெயர் டெஸ்ட் 1. வரும் வழியில் காரிலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மயிற்பீலி சூட்டிய வேல்களை ஔவை எப்படி வியந்தாரோ, அப்படி நாங்களும் வியந்தோம். அதியமானின் வேல்கள் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடந்ததைப் போல, தினமும் நானூறு பில் குத்தி முனை மழுங்கிய டேட்டாபேஸ் எங்கள் கடையில் கிடக்கிறது. அதைப் பார்க்க அவர்கள் வந்ததில்லை. பளபளப்பு கெட்டுவிடும்.

எழுதும் இடத்திலும் இதே கதைதான். நிரல் எழுதுகிறவரின் கணினியில் அந்த டேட்டாபேஸ் காலையிலிருந்து இரவுவரை திறந்தே இருக்கும். ஒரு வரியை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார், மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். அவர் கண்ணால் காண்பது எப்போதும் ஐம்பதாவது ஓட்டம். வேகத்தை அளக்கிறவர்களும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுவது வழக்கம், அது சராசரியைக் கெடுத்துவிடும் என்பதால். குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும் என்று யாருக்காவது விபரீத ஆசை வந்தால் வழி இல்லாமல் இல்லை: லினக்ஸில் மெமரியில் சேர்த்துவைத்த கோப்புப் பக்கங்களை ஒரே கட்டளையில் கொட்டிவிட 2006 முதல் வசதி உண்டு. காலை ஒன்பது மணியைப் பகல் இரண்டு மணிக்கு வரவழைத்துப் பார்க்கலாம். ஆனால் அளந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் திருத்த வேண்டிவரும். தெரியாமல் இருக்கும் வரத்தை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு இட்லிக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. காலை ஐந்தரைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். கல்லில் தண்ணீர் தெளித்து, அது சுர்ரென்று ஓடுகிறதா என்று பார்ப்பார். முதல் தோசை எப்படியும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, வெங்காயத்தை வெட்டி ஒரு தேய் தேய்த்து, அடுத்ததை வார்ப்பார். ஆறு மணிக்கு வரும் முதல் ஆளின் இலையில் விழுவது மூன்றாவது தோசை. கல் காய்கிற செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் இந்த மாதிரி ஆள் எப்படித்தான் தொழிலில் நிற்கிறாரோ! எங்கள் மென்பொருள்காரர்களிடம் ஒரு மாதம் பழகினால் விறகையும் மிச்சப்படுத்தி, ஒட்டிய தோசையையும் முதல் வாடிக்கையாளருக்கே விற்கக் கற்றுக்கொள்வார். "இன்னொரு தோசை கேட்டுப் பாருங்க சார், நல்லா வரும்."

டேட்டாபேஸ் உலகத்திலும் இந்த இட்லிக் கடைப் புத்தி உள்ளவர்கள் சிலர் நுழைந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மைஎஸ்கியூஎல் 2013-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து, மூடும்போது மெமரியில் எந்தெந்தப் பக்கங்கள் இருந்தன என்று ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டு, திறந்ததும் அந்தச் சீட்டைப் பார்த்து அவற்றை முன்கூட்டியே இழுத்துவரத் தெரிந்துகொண்டது. எழுதிவைப்பது பக்க எண்களை மட்டும்தான், சின்னக் கோப்பு. 5.7-இல் அதுவே இயல்பான நடைமுறையும் ஆகிவிட்டது. போஸ்ட்கிரஸுக்கு 2014-இல் 9.4 பதிப்போடு பிஜி ப்ரீவார்ம் வந்தது. 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பில் யாரும் சொல்லாமலே அது தானாகச் சூடேறவும் ஏற்பாடு செய்தார்கள். நாகரிகம் என்ற பெயரில் எது வந்தாலும் ஓடிப்போய் மாட்டிக்கொள்ளாத உறுதி எங்கள் மென்பொருளுக்கு உண்டு. பத்து வருடத்துக்கு மேலான புதுமையையும் அது அண்டவிடவில்லை.

போன வருடம் முதலாளி மனது வைத்து எஸ்எஸ்டி போட்டார். அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஒரு பக்கத்தை எடுக்கப் பழைய டிஸ்கைவிட நூறு மடங்கு குறைவான நேரம். நான் உள்ளூர வருந்தினேன், இனி பிள்ளையாருக்குப் பூ வைக்க யார் இருப்பார்கள் என்று. கவலையே தேவைப்படவில்லை. 1 நிமிடம் 50 விநாடி 40 விநாடியாகத்தான் குறைந்தது. டிஸ்கின் மேல் பழி போட்டு ஒளிந்துகொண்டிருந்த பாயிரம், வம்சாவளி, கன்னத்தில் கை எல்லாம் அப்போதுதான் முழு அழகோடு வெளியே தெரிந்தன. மென்பொருள்காரர்கள் அந்த மாதம் அனுப்பிய வாழ்த்துச் செய்தியில், புதிய பதிப்பில் வேகம் இருமடங்குக்கு மேல் கூடியிருப்பதை நாங்கள் கவனித்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள். கவனித்தோம். எஸ்எஸ்டி வாங்கிய ரசீதும் எங்களிடம்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் அக்காவின் இடம் என்ன என்பது அவர் லீவு எடுத்த ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. தங்கை மகளுக்கு வளைகாப்பு. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்தார். அவர் பூ வைக்கவில்லை, கேனுக்காக யாரையும் அதட்டவில்லை, ஐகானைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு 40 விநாடி மிக நீளம். பொறுக்காமல் இன்னொரு தடவை தட்டினார். பிறகு இன்னொரு தடவை. மூன்று மென்பொருள் ஒரே நேரத்தில் திறக்கத் தொடங்கின. மூன்றும் மொத்தக் கடையையும் திண்ணைக்கு அழைத்தன. நின்றுகொண்டிருந்த நாலு பேரில் ஒருவர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார். மறுநாள் அக்கா வந்ததும் முதலாளி சொன்னது: "நீ கை வச்சாத்தாம்மா அது ஓடுது. எல்லாம் ராசி. இனிமே திங்கட்கிழமையில லீவு கேக்காதே."

ராசி ஒன்றும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். சில மாதமாகவே அவர் காலையில் மென்பொருள் திறந்ததும் யாரும் கேட்காத ஸ்டாக் ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து, ஏதோ ஒரு பழைய பில்லைத் தேடி, இரண்டையும் மூடிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அப்பதான் முதல் ஆளு வரும்போது உடனே வருது" என்றார். மைஎஸ்கியூஎல்காரர்களும் போஸ்ட்கிரஸ்காரர்களும் பதிப்பு எண் போட்டு வெளியிட்ட சாமர்த்தியத்தை அவர் ஊதுபத்தி ஏற்றுகிற இடைவெளியில் கண்டுபிடித்திருக்கிறார். வேறு ஒரு நாளும் லீவு போகவிடாத சாமர்த்தியம் அது என்று உறைத்த பிறகு, இரண்டாவது முறையாக அவர் போனை எடுத்தார்.

"தம்பி, பையன் எட்டரைக்கே வந்து சுவிட்சைப் போட்டுடறான். நான் வர்றதுக்குள்ள அது தானா ஓப்பன் ஆகி, ஒரு பில்லைத் தேடிட்டு ரெடியா நிக்கிற மாதிரி பண்ண முடியாதா? சூடா இருக்கும்ல."

"சூடாவா மேடம்?"

"அதாம்ப்பா, தோசைக்கல்லு காயற மாதிரி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வட்டம் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பண்ணலாம் மேடம். ஆனா அது கஸ்டமைசேஷன்ல வரும். தனி சார்ஜ். எஸ்டிமேட் மெயில் பண்ணிடறேன்."

எஸ்டிமேட் அக்கா போனைக் கீழே வைப்பதற்குள் வந்துவிட்டது. முதல் தடவையிலேயே.